லண்டன் முதல் சிட்னி வரை: வான்வழித் தூரமும் பிரயாண காலமும்

இக்கல்லூரியில் என்னோடு ஒருசாலை மாணாக்கராயிருந்து, பின்னர் நெடுங்காலம் பள்ளியாசிரியராய்த் தொண்டாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், சென்ற தை மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் விடுத்தார். அதன் ஒரு பகுதி வருமாறு:

"என் மகன் லண்டனில் வேலைபார்த்து வந்ததை நீர் அறிவீர். அவனுக்கு ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னி நகரத்திற்கு மாற்றலாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு ஆகாய விமானம் ஏறுவதாகத் தெரிவித்திருந்தான். இரண்டு நகரங்களுக்கும் இடையே உள்ள தூரம் 17,000 கிலோமீட்டர் என்றும், விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் என்றும் முன்னொருநாள் அவனே சொல்லக் கேட்டிருந்தேன். 17,000-ஐ 900-ஆல் வகுத்தேன். ஏறக்குறைய 19 மணி நேரம் என்று வந்தது. ஆகவே திங்கட்கிழமை மாலை 4 மணிக்கு அவன் சிட்னியில் இறங்கித் தொலைபேசியில் அழைப்பான் என்று காத்திருந்தோம். நான்கு மணி ஆயிற்று; ஆறு மணி ஆயிற்று; வீதி அடங்கிற்று; செய்தி இல்லை. என் மனைவி அன்றிரவு உணவைத் தொடவில்லை. இரவு இரண்டரை மணிக்கே தொலைபேசி மணி அடித்தது. பையன் சுகமாய் இறங்கிவிட்டான். விமானமும் குறித்த நேரத்திலேயே வந்து சேர்ந்ததாம்! அங்ஙனமாயின், நாங்கள் உயிரைக் கையிற் பிடித்திருந்த அந்தப் பத்தரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? பல்லாண்டு பிள்ளைகளுக்குக் கணக்குப் போதித்தவன் நான். என் கணக்கிற் பிழை எங்கே என்று எழுதும்."

நண்பரின் வகுத்தலிற் பிழை ஒன்றுமில்லை. அவர் ஒரு வினாவுக்கு விடை கண்டார். ஆயின் அங்கே இருந்த வினாக்கள் மூன்று. இரண்டு ஊர்களுக்கும் இடையே தூரம் எவ்வளவு? அத்தூரத்தைக் கடக்கப் பிரயாணிக்கு எத்தனை மணி நேரம் செல்லும்? அவன் சென்று சேரும்போது கடிகாரம் என்ன காட்டும்? இம்மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆராய்ந்து நோக்கின், முதலாவது பூமியின் வடிவத்தைப் பற்றியது. இரண்டாவது மனிதனுடைய முயற்சியையும் காற்றின் போக்கையும் பற்றியது. மூன்றாவது பூமியின் சுழற்சியைப் பற்றியது. நம் கல்லூரி மாணாக்கர் பலர் கடல் கடந்து செல்லும் காலமிது. ஆதலின் நண்பருக்கு யான் எழுதிய விடையைச் சிறிது விரித்து இவ்விதழ் வாயிலாக எல்லார்க்கும் கூற விரும்புகின்றேன்.

1. தூரம்

பூமி உருண்டை வடிவினது. சுவரில் தொங்கும் படமோ தட்டையானது. உருண்டையான ஒன்றைத் தட்டையாக விரிக்க வேண்டுமாயின், சிற்சில இடங்களை இழுத்தும் சிற்சில இடங்களைச் சுருக்கியுமே விரித்தல் கூடும். நம் வகுப்பறையிலுள்ள உலகப் படத்தில் லண்டனையும் சிட்னியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு மத்தியதரைக் கடல், அரபிக் கடல், இந்துமகா சமுத்திரம் ஆகியவற்றின் மேலாகத் தென்கிழக்கே இறங்கிச் செல்லும். அதுவே மிகக் குறுகிய வழி என்று மாணாக்கர் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று.

பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையை லண்டன்மீதும் மறுமுனையைச் சிட்னிமீதும் வைத்து இறுக இழுத்துப் பாருங்கள். நூல் தென்கிழக்கே செல்லாது. முதலில் வடகிழக்கே சாய்ந்து வட கடலைக் கடந்து, மாஸ்கோ நகரத்துக்குச் சிறிது வடக்கே சென்று, பின்னர் மெல்லத் தெற்கே திரும்பி, கஜகஸ்தான், சீனா, பிலிப்பைன் தீவுகள் ஆகியவற்றின் மேலாக இறங்கி, பூமத்திய ரேகையைக் கடந்து ஆஸ்திரேலியாவை அடையும். தென் கோளத்திலுள்ள ஓர் ஊருக்குச் செல்பவன் முதலில் வடக்கே நோக்கிப் புறப்பட வேண்டியிருப்பது வியப்பே. ஆயினும் உருண்டையின்மேல் அதுதான் நேர்வழி. பூமியின் மையத்தின் ஊடாக வெட்டும் வட்டத்தைப் பெருவட்டம் என்பர். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம். எவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழி, அவ்விரண்டினையும் தொட்டுச் செல்லும் பெருவட்டத்தின் பகுதியேயாம்.

இத்தூரத்தை நூலின்றியே கணிதத்தாலும் காணலாம். லண்டன் விமான நிலையம் வட அட்சரேகை 51.47 பாகையிலும், மேற்குத் தீர்க்கரேகை 0.45 பாகையிலும் உள்ளது. சிட்னி விமான நிலையம் தென் அட்சரேகை 33.95 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 151.18 பாகையிலும் உள்ளது. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 151.63 பாகை. தெற்கு அட்சரேகையைக் குறை எண்ணாகக் கொள்ளுதல் வேண்டும். இரண்டு அட்சரேகைகளின் சைன்களையும் ஒன்றோடொன்று பெருக்குக; –0.4369 வரும். அவற்றின் கோசைன்களைப் பெருக்கி, அதனைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனாலும் பெருக்குக, –0.4547 வரும். இரண்டையும் கூட்டினால் –0.8916. இஃது எக்கோணத்தின் கோசைனோ அக்கோணமே பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களும் அமைக்கும் கோணமாம். அது 153 பாகைக்குச் சற்று மிகுதி. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் ஆகும். ஆகவே தூரம் ஏறக்குறைய 17,020 கிலோமீட்டர்.

இவ்வெண்ணின் பொருளை உணர்வதற்கு மற்றோர் எண்ணை அருகில் வைத்தல் வேண்டும். பூமியில் எந்த ஊருக்கும் மிகத் தொலைவிலுள்ள இடம் அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் 180 பாகையில் உள்ளது. அதன் தூரம் ஏறக்குறைய 20,015 கிலோமீட்டர். அதற்குமேல் தூரமான இடம் உலகில் இல்லை. அதைத் தாண்டினால் மறுபக்கமாகத் திரும்பி வருகின்றோம். எனவே லண்டனிலிருந்து ஒருவன் செல்லக்கூடிய எல்லைத் தூரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு சிட்னிக்குச் செல்லும்போதே கடந்துவிடுகின்றான்.

நண்பர் கொண்ட 17,000 கிலோமீட்டர் சரியே. ஆயினும் விமானங்கள் அந்த நூல் வழியை அணுவளவும் பிசகாது செல்வதில்லை. புயல் மேகங்களை விலகவேண்டும். காற்றின் தயவை நாடவேண்டும். நாடுகளின் அனுமதியும் வேண்டும். 2022-ஆம் ஆண்டு உக்ரேன் போர் மூண்டபோது, பிரிட்டனும் ருஷ்யாவும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று தன் வானத்தை மூடிவிட்டன. பூமியின் வடிவம் காட்டும் நேர்வழியை மனிதரின் பகை அடைத்துவிட்டது. அன்றியும், பிரயாணிகள் பலர் இடையில் ஓர் ஊரில் இறங்கியே செல்கின்றனர். சிங்கப்பூர் அத்தகைய ஊர்களுள் ஒன்று. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 10,880 கிலோமீட்டர். அங்கிருந்து சிட்னிக்கு ஏறக்குறைய 6,290 கிலோமீட்டர். கூட்டினால் 17,170 ஆகும். நேர்வழியைக் காட்டிலும் 150 கிலோமீட்டரே மிகுதி. இடையில் தங்குவதற்கு இவ்வளவு வாய்ப்பாக அமைந்த ஊர்கள் சிலவே.

2. வேகமும் காற்றும்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்பது தொடக்கப்பள்ளிக் கணக்கு. ஆயின் அவ்வேகம் வழிநெடுக மாறாதிருந்தால் மட்டுமே அக்கணக்குப் பொருந்தும். மணிக்கு 900 கிலோமீட்டர் என்பது விமானம் ஏறக்குறைய 10 அல்லது 12 கிலோமீட்டர் உயரத்தை அடைந்தபின் கொள்ளும் வேகம். நிலையத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும், மேலெழும் நேரமும், இறங்குமுன் வேகத்தைத் தணித்துச் சுற்றிவரும் நேரமும் இதில் அடங்கா. ஒருமுறை இறங்கி மீண்டும் எழுமாயின் இவையெல்லாம் இருமடங்காகும்.

இனி, அந்த 900 கிலோமீட்டரும் நிலத்தை நோக்கிய வேகமன்று. காற்றை நோக்கிய வேகமாகும். ஆற்றில் செல்லும் தோணியை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் போடுபவனுடைய வலிமை ஒன்றேயாயினும், நீரோட்டத்தோடு செல்லும்போது கரை விரைந்து பின்செல்கின்றது. எதிர்த்து வரும்போது மெல்லவே பின்செல்கின்றது. வானத்திலும் ஆறுகள் உண்டு. துருவப் பகுதியின் குளிருக்கும் வெப்ப மண்டலத்தின் வெம்மைக்கும் உள்ள வேறுபாட்டாலும், பூமியின் சுழற்சியாலும், விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலிய காற்றோட்டங்கள் எழுகின்றன. இவற்றை ஜெட் காற்றோட்டம் என்று வழங்குவர். இவற்றின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேலும் செல்வதுண்டு.

ஒரு சிறு கணக்கால் இதன் பயனை அறியலாம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம் 8,000 கிலோமீட்டர் செல்ல வேண்டும் என்க. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று அதன் பின்னிருந்து தள்ளுமாயின் 8 மணி நேரத்தில் சென்றுவிடும். அதே காற்று எதிர்த்து வீசுமாயின் 10 மணி நேரம் செல்லும். தூரம் ஒன்றே, விமானமும் ஒன்றே, நேரமோ வேறு. இதனாலேயே லண்டனிலிருந்து கிழக்கு நோக்கி ஆஸ்திரேலியாவுக்குச் செல்வதினும், அங்கிருந்து மேற்கு நோக்கித் திரும்புவது பொதுவாக நீண்ட பிரயாணமாக இருக்கின்றது.

3. நூறாண்டிற் குறைந்தது எது?

விமானங்கள் வேகமாகப் பறப்பதால் உலகம் சுருங்கிவிட்டது என்று கூறுகின்றோம். உலகம் சுருங்கவில்லை, 17,020 கிலோமீட்டர் அன்றும் இன்றும் அதே எண்தான். சுருங்கியது நேரம். அதுவும் வேகத்தால் மட்டும் சுருங்கவில்லை என்பதை இவ்வழியின் சரித்திரம் நன்கு காட்டுகின்றது.

1919-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து முப்பது நாளுக்குள் விமானத்தில் வந்து சேரும் ஆஸ்திரேலியருக்குப் பதினாயிரம் பவுன் பரிசளிப்பதாக ஆஸ்திரேலிய அரசாங்கம் அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர் இருவரும், பென்னெட், ஷையர்ஸ் என்னும் இயந்திர வல்லுநர் இருவரும் நவம்பர் 12-ஆம் தேதி லண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். அவர்களது விக்கர்ஸ் விமி விமானத்தில் மூடிய அறை கிடையாது. பனியும் மழையும் முகத்திலேயே அடித்தன. ரோமாபுரி, கைரோ, பாஸ்ரா, கராச்சி, டில்லி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர் என ஊர் ஊராக இறங்கிச் சென்றனர். ஜாவாத் தீவிலுள்ள சுரபாயாவில் விமானம் சேற்றிற் புதைந்துவிட்டது. அவ்வூரார் மூங்கிற் பாய்களைக் கொண்டுவந்து பரப்பிப் பாதை அமைத்துக் கொடுக்க, அதன்மேல் ஓடியே விமானம் எழுந்தது. டிசம்பர் 10-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வினில் இறங்கினர். சென்ற காலம் 27 நாள் 20 மணி நேரம். அஃதாவது 668 மணி நேரம்.

ஆனால் அவர்கள் வானத்தில் இருந்த நேரம் ஏறக்குறைய 136 மணி மட்டுமே. எஞ்சிய 532 மணி நேரமும் தரையிற் கழிந்தது. எண்ணெய் வார்த்தல், இயந்திரம் பழுது பார்த்தல், வானம் தெளியக் காத்திருத்தல், இரவில் உறங்குதல் என்பனவே அந்நேரத்தை உண்டன. தூரமும் நீண்டது. லண்டனுக்கும் டார்வினுக்கும் நேர்வழி ஏறக்குறைய 13,870 கிலோமீட்டராக இருக்க, இறங்கும் இடங்களைத் தேடிச் சுற்றியதால் அவர்கள் பறந்தது ஏறக்குறைய 17,900 கிலோமீட்டர்.

பின்வந்தோர் ஒவ்வொருவரும் அந்தத் தரை நேரத்தோடே போராடினர். 1928-இல் பெர்ட் ஹிங்க்ளர் தனியராய்ப் பறந்து பதினைந்தரை நாளில் டார்வினை அடைந்தார். 1930-இல் ஏமி ஜான்சன் என்னும் இளம்பெண் பத்தொன்பதரை நாளில் தனித்தே வந்து சேர்ந்து, இவ்வழியைத் தனியே பறந்து கடந்த முதற் பெண்மணி என்னும் புகழ் பெற்றார். 1934-இல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன் நகரத்துக்கு நடந்த பந்தயத்தில் ஸ்காட், காம்பெல் பிளாக் என்னும் இருவர் மூன்று நாளுக்கும் குறைந்த காலத்தில் வந்து வென்றனர்.

இஃது 1934-இல் நிகழ்ந்தது. மறு ஆண்டு, 1935-இல், பொதுமக்கள் சீட்டு வாங்கி லண்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே செல்லும் விமானப் போக்குவரத்துத் தொடங்கிற்று. அதற்கு எத்தனை நாள் ஆயின? பன்னிரண்டரை நாள்! பந்தய வீரர் இரவும் பகலும் ஓயாது பறந்தனர். பொதுப் பிரயாணிகளோ மாலைதோறும் இறங்கி விடுதிகளில் உறங்கி, காலையில் மீண்டும் ஏறினர். ஐரோப்பாவில் பாரிஸ் முதல் பிரிண்டிசி துறைமுகம் வரை ரயிலிலேயே சென்றனர். 1938 முதல் சிட்னித் துறைமுகத்திலிருந்து எழுந்த கடல் விமானங்களும் பகலிற் பறந்து இரவில் தங்கியே ஏறக்குறைய ஒன்பது பத்து நாளில் இங்கிலாந்தை அடைந்தன.

தங்காமற் பறப்பதன் பயனை உலகம் கண்டது யுத்த காலத்திலேயாம். சிங்கப்பூர் 1942-இல் ஜப்பானியர் கைப்பட்டபின் பழைய வழி அறுந்துபோயிற்று. 1943 முதல் 1945 வரை, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்திலிருந்து இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்குக் காட்டலைனா என்னும் கடல் விமானங்கள் பறந்தன. ஏறக்குறைய 5,650 கிலோமீட்டர். நடுவில் கடலேயன்றி வேறில்லை. வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. பகைவர் அறியாதிருக்கும் பொருட்டு வானொலியை அடக்கிவைத்து, நட்சத்திரங்களை நோக்கித் திசை அறிந்து பறந்தனர். பாரத்தின் பெரும்பகுதி எண்ணெயேயாதலின் மூன்று பிரயாணிகளுக்கே இடமிருந்தது. 27 மணி நேரம் முதல் 32 மணி நேரம் வரை சென்ற அப்பிரயாணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைக் கண்டனர். ஆதலின் அவ்வழி இரட்டைச் சூரியோதயம் என்று பெயர் பெற்றது. 271 முறை கடந்தும் ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை. மெதுவாகச் செல்வதாயினும் நில்லாமற் செல்வது நெடுந்தூரம் கொண்டுசேர்க்கும் என்பதற்கு இது சான்று.

யுத்தம் முடிந்தபின், 1947 டிசம்பர் 1-ஆம் தேதி, குவாண்டாஸ் கம்பெனியாரின் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பிரயாணிகளோடு சிட்னியிலிருந்து புறப்பட்டு, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கைரோ, டிரிப்போலி வழியாக நான்கு நாளில் லண்டனை அடைந்தது. சிங்கப்பூரிலும் கைரோவிலும் இரவு தங்கினர். 1959-இல் ஜெட் விமானங்கள் இவ்வழியில் வந்தபின் நாட்கணக்கு மணிக்கணக்காயிற்று. 1989 ஆகஸ்டு மாதத்தில் போயிங் 747-400 விமானம் ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காது 20 மணி 9 நிமிஷத்தில் பறந்தது. எண்ணெயைச் சிக்கனம் செய்யும் பொருட்டு, அதனை ஓடுபாதையின் தொடக்கம் வரை வேறொரு வண்டியால் இழுத்துச் சென்றனர். அஃது ஒரு சோதனையே. கட்டணப் பிரயாணிகளை ஏற்றவில்லை. 2018 மார்ச்சு மாதத்தில் பெர்த் நகரத்துக்கும் லண்டனுக்கும் இடையே, 14,498 கிலோமீட்டரை 17 மணி நேரத்தில் இடைநில்லாது கடக்கும் பொதுப் போக்குவரத்துத் தொடங்கிற்று. 2019 நவம்பரில் மற்றுமொரு சோதனை விமானம் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஏறக்குறைய 17,800 கிலோமீட்டரை 19 மணி 19 நிமிஷத்திற் பறந்தது.

இப்போது ஸ்மித் சகோதரரின் 1919-ஆம் ஆண்டுப் பிரயாணத்தையும் இந்த 2019-ஆம் ஆண்டுப் பிரயாணத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பறந்த தூரம் ஏறக்குறைய ஒன்றே. முன்னதற்குச் சென்றது 668 மணி. பின்னதற்கு 19 மணிக்குச் சற்று மிகுதி. நேரம் 35-இல் ஒரு பங்காயிற்று. வானத்தில் இருந்த நேரத்தை மட்டும் கொண்டால், 136 மணி 19 மணியாயிற்று. இஃது ஏழில் ஒரு பங்கு. அஃதாவது வேகம் ஏழு மடங்கே மிகுந்தது. எஞ்சிய ஐந்து மடங்கு எங்கிருந்து வந்தது? தரையில் நிற்பது நீங்கியதால் வந்தது. ஏழை ஐந்தாற் பெருக்கினால் முப்பத்தைந்து. இயந்திரத்தின் வேகத்தைப் பாராட்டும் நாம், நில்லாமையின் பயனை மறந்துவிடுகின்றோம். இது பிரயாணத்திற்கு மட்டுமன்றிக் கல்வி கற்போர்க்கும் பொருந்தும் என்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

4. கடிகாரம்

மூன்றாவது வினாவே நண்பரை அன்றிரவு மிகவும் வருத்தியது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றது. ஆகவே மணிக்கு 15 பாகை. கிழக்கிலுள்ள ஊருக்குச் சூரியன் முன்னே உதிக்கும். ஒவ்வொரு 15 பாகைக்கும் ஒரு மணி நேரம் முந்தும். 1884-இல் வாஷிங்டனில் பல நாட்டார் கூடி, லண்டனைச் சேர்ந்த கிரீனிச் வழியாகச் செல்லும் தீர்க்கரேகையை முதல் ரேகையாக ஏற்றுக்கொண்டனர். சிட்னி அதற்குக் கிழக்கே 151 பாகையில் இருப்பதால் அதன் கடிகாரம் 10 மணி நேரம் முந்தியது. நம் நாட்டுக் கடிகாரம் 82½ பாகையை ஒட்டி அமைந்ததாதலின் கிரீனிச்சுக்கு 5½ மணி நேரம் முந்தியது.

இதனோடு மற்றொரு நுட்பமும் உண்டு. கோடைகாலத்திற் பகலொளியைப் பயன்கொள்ளும் பொருட்டு, பிரிட்டனிலும் சிட்னியிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கின்றனர். வடகோளத்திற் குளிர்காலமாயிருக்கும்போது தென்கோளத்திற் கோடையாதலின், அவ்விரண்டும் பெரும்பாலும் ஒருங்கே வருவதில்லை. ஆதலின் லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையேயுள்ள வித்தியாசம் ஜனவரியில் 11 மணி நேரம். ஜூலையில் 9 மணி நேரம். இரண்டும் மாறும் இடைக்காலத்திற் சில வாரங்கள் 10 மணி நேரம். நம் நாட்டில் இவ்வழக்கம் இல்லாமையால் நம் கடிகாரம் ஆண்டு முழுவதும் அசையாது நிற்கின்றது.

மேற்கூறிய 2019-ஆம் ஆண்டு விமானத்தையே எடுத்துக்கொள்வோம். அது லண்டனில் நவம்பர் 14-ஆம் தேதி காலை 6 மணிக்குச் சற்றுப் பின் புறப்பட்டு, சிட்னியில் 15-ஆம் தேதி பகல் 12½ மணி அளவில் இறங்கியது. கடிகாரத்தை மட்டும் நோக்குபவர் முப்பது மணி நேரத்துக்கு மேலான பிரயாணம் என்பர். அதிலிருந்து 11 மணி நேர வித்தியாசத்தைக் கழித்தால் 19 மணி நேரத்துக்குச் சற்று மிகுதி என்னும் உண்மை வெளிப்படும். கிழக்கு நோக்கி விரைபவன் சூரியனை எதிர்கொண்டு செல்கின்றான். ஆதலின் அவனுக்குப் பகலும் குறுகும், இரவும் குறுகும். அவ்விமானத்தில் இருந்தோரும், யுத்தகாலத்துக் காட்டலைனாவில் இருந்தோரைப் போல, இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர்.

5. நண்பரின் கணக்கு

இனி நண்பரின் பத்தரை மணி நேரத்தைத் தேடுவோம்.

முதலாவது: மகன் ஞாயிறு இரவு 9 மணிக்குப் புறப்பட்டது லண்டன் கடிகாரப்படி. அப்போது நண்பர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் திங்கள் அதிகாலை 2½ மணியைக் காட்டியிருக்கும். லண்டன் மணியோடு 19-ஐக் கூட்டி, வந்த விடையை நம்மூர்க் கடிகாரத்திற் பார்த்தார் அவர். இதனால் 5½ மணி நேரம் தவறிற்று.

இரண்டாவது: மகன் சென்ற விமானம் சிங்கப்பூரில் இறங்கிச் சென்றது. இதனை அவன் தந்தையாருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சிங்கப்பூர் வரை 13 மணி நேரம். அங்கே தங்கியது 2 மணி நேரம். பின்னர் சிட்னி வரை 8 மணி நேரம். ஆக 23 மணி நேரம். நண்பர் கொண்ட 19-ஐக் காட்டிலும் இது 4 மணி நேரம் மிகுதி. இவற்றுள் 2 மணி நேரம் தங்கியதாற் சென்றது. மற்ற 2 மணி நேரம் ஏறுதல், இறங்குதல், வழி விலகுதல் ஆகியவற்றாற் சென்றது.

மூன்றாவது: விமானம் இறங்கியவுடன் பிரயாணி வெளியே வந்துவிடுவதில்லை. கடவுச்சீட்டைக் காட்டி, பெட்டிகளைப் பெற்று, சுங்கச் சோதனை முடிந்து வெளிவர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன் பின்னரே மகன் தொலைபேசியை எடுத்தான்.

ஐந்தரையும் நான்கும் ஒன்றும் பத்தரை. நண்பரின் பத்தரை மணி நேரமும் கிடைத்துவிட்டது. சிட்னியில் அப்போது செவ்வாய்க்கிழமை காலை 8 மணி. வெயில் நன்றாக ஏறியிருக்கும். நம்மூரில் நள்ளிரவு கழிந்து இரண்டரை மணி. ஓரிடத்து விடியல் மற்றோரிடத்து நடு இரவாயிருப்பதை நாம் பாடமாகப் படித்திருக்கின்றோம். ஆயினும் விளக்கை அணைக்காமல் விழித்திருந்த பெற்றோர்க்கு அன்று அப்பாடம் நினைவுக்கு வரவில்லை. அன்பு மிகுந்த இடத்திற் கணக்குத் தடுமாறுதல் இயல்பே.

நண்பருக்கு இவ்வாறு எழுதியபின், அவர் மகனுக்கும் ஒரு வரி எழுதினேன். அதனையே இவ்விதழைப் படிக்கும் மாணாக்கர்க்கும் கூறி முடிக்கின்றேன். நீங்களும் ஒருநாள் தூரதேசம் செல்வீர்கள். புறப்படுமுன் வீட்டார்க்குத் தெரிவிக்கும்போது, தூரத்தையும் வேகத்தையும் சொல்லி அவர்களைக் கணக்கிட விட்டுவிடாதீர்கள். எங்கே இறங்கி ஏறுவீர்கள், எத்தனை மணி நேரம் தங்குவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சென்று சேரும் நேரத்தை லண்டன் மணியிலோ சிட்னி மணியிலோ சொல்லாமல், உங்கள் தாயார் அண்ணாந்து பார்க்கும் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் மணியிற் சொல்லுங்கள். அதன்மேல் ஒரு மணி நேரம் கூட்டியும் சொல்லுங்கள். அவ்வொரு கூட்டலைச் செய்ய உங்களுக்கு ஒரு நிமிஷமும் செல்லாது. செய்யாது விட்டால் அவர்களுக்கு ஓர் இரவு செல்லும்.